செய்தி தந்த சூடு நாலே நாளில் ஆறுவது ஏன்?

கேள்வி: 2024 தேர்தலில் பதுளையில் அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவில் கலைச்செல்வியும் வென்று, மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முதலாகப் பாராளுமன்றம் போனார்கள். அன்றிரவே கொப்பி வாங்கி டைம்டேபிள் போட்டேன். ஒரு கிழமைகூட ஓடவில்லை. டித்வா புயலில் பக்கத்துத் தோட்டத்து லயங்கள் மண்ணோடு போனதைப் பார்த்தபோதும் "படித்து இங்கிருந்து வெளியேற வேண்டும்" என்று சபதம் எடுத்தேன். அதுவும் அப்படித்தான். உயர்தரத்தில் தமிழும் புவியியலும் சித்தி, அரசியல் விஞ்ஞானம் போய்விட்டது. 2025இல் விண்ணப்பத் திகதியையே தவறவிட்டேன். ஹட்டனில் துணிக்கடையில் வேலை. பத்தனை கல்வியியற் கல்லூரிக்குப் போய் ஆசிரியை ஆக வேண்டும். எனக்கு மன உறுதி இல்லையா?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: அன்புத் தங்கைக்கு,

மன உறுதியைக் குறை சொல்லாதீர்கள். செய்தி நமக்குக் காட்டுவது பதவியேற்பு நாளை. அதைப் பார்த்து நாமும் அங்கே நிற்பதாக நினைத்துக்கொள்ளும்போது பாதி வந்துவிட்ட நிறைவு மனதுக்குக் கிடைத்துவிடுகிறது, உடம்பும் தளர்ந்துவிடுகிறது. உளவியலாளர் கபிரியேல் எட்டிங்கன் இதைப் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்: வெற்றியை இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள் முயற்சியில் பின்தங்கினார்கள். டைம்டேபிளுக்குக் கலர் கலராகக் கோடு போடுவதும் அந்தக் கற்பனையில் சேர்ந்ததுதான்.

ஆகவே செய்தியிடம் ஊக்கம் கேட்காதீர்கள், பாடத்தைக் கேளுங்கள். உங்களுக்குத் தவறிய பாடம் அரசியல் விஞ்ஞானம் என்பது இதில் ஒரு வசதி. 80 பக்கக் கொப்பி ஒன்றில் இடப் பக்கம் செய்தியை ஒரே வரியில் எழுதுங்கள். வலப் பக்கத்தில் பாடத்திட்டத்தில் அது எங்கே வருகிறது என்று எழுதுங்கள். "கலைச்செல்வி வென்றார்" என்றால் எதிர்ப்பக்கத்தில் வர வேண்டியவை இவை: மொத்த உறுப்பினர் 225, மாவட்டங்களிலிருந்து 196, தேசியப் பட்டியலில் 29. நுவரெலியாவுக்கு 8 ஆசனம். மாவட்டத்தில் 5 சதவீதத்துக்குக் குறைவாக வாக்குப் பெற்ற கட்சி கழிக்கப்படும், முதலிடக் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். விருப்பு வாக்கு மூன்று வரை போடலாம், கட்சிக்குள் யார் உள்ளே போவது என்பதை அது தீர்மானிக்கும். முதலில் பார்க்காமல் எழுதிவிட்டுப் பிறகு புத்தகத்தில் சரிபாருங்கள். எது தெரியவில்லையோ அதுதான் மறுநாள் காலைப் பாடம்.

டித்வாவுக்கும் இதே முறைதான். மண்சரிவு எச்சரிக்கையில் 24 மணித்தியால மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் ஒரு கட்டம், 100 அடுத்தது, 150 என்றால் வெளியேற வேண்டியது. சரிவு, மண்ணின் தடிப்பு, நீர் வடிய வழியில்லாமை எல்லாம் புவியியல் விடைக்கு உதவும். (உங்கள் லயமே ஆபத்துப் பட்டியலில் இருந்தால் கொப்பியை வைத்துவிட்டு முதலில் ஆவணப் பையைக் கட்டுங்கள்.) பயத்தில் எடுக்கும் சபதம் வெயில் அடித்ததும் போய்விடும், அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள்.

இனி நேரம். கடையும் பஸ்ஸும் போக இரவில் உங்களிடம் தெம்பு மிஞ்சாது. "தினமும் இரண்டு மணித்தியாலம் படிப்பேன்" என்ற தீர்மானம் விழுவது அங்கேதான். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு படிப்பைக் கட்டுங்கள்: "அம்மா ரொட்டிக்கு மா பிசையத் தொடங்கியதும் நான் வினாத்தாளை விரிப்பேன்." இப்படி 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் வெறும் தீர்மானம் எடுத்தவர்களைவிட அதிகம் செய்து முடித்ததை பீட்டர் கொல்விட்சர் என்ற உளவியலாளர் காட்டியிருக்கிறார்.

அளவு இதுதான். அரசியல் விஞ்ஞானத் தாளில் பகுதி ஒன்று 50 பல்தேர்வு வினா, இரண்டு மணித்தியாலம். காலையில் 25 வினா, சரியாக 60 நிமிடம். பிழைத்தவற்றின் இலக்கத்தை மட்டும் குறித்துக்கொண்டு பஸ்ஸில் பாருங்கள். ஓய்வு நாளில் கட்டுரை வினா ஒன்று: மூன்று மணித்தியாலத்தில் ஐந்து விடை எழுத வேண்டிய தாளில் ஒன்றுக்கு 36 நிமிடம்தான் கிடைக்கும், ஆகவே போனில் அலாரம் வைத்து எழுதுங்கள். தெரிந்திருந்தும் புள்ளி குறைகிறவர்களில் பலர் முதல் இரண்டு விடையை இழுத்து எழுதி ஐந்தாவதைத் தொடாமல் விடுபவர்கள். முடியாத நாளில் 10 வினா போதும். ஒரு நாள் தவறினால் பரவாயில்லை, மறுநாளும் தவறவிடாதீர்கள். கடந்தகால வினாத்தாள்களைப் போட்டோ கொப்பி எடுத்து வையுங்கள். போனில் திறந்தால் வட்ஸ்அப்பும் சேர்ந்து திறக்கும், கரண்ட் போனால் அதுவும் இல்லை.

செய்தி பார்ப்பதை இரவு 15 நிமிடத்தோடு நிறுத்துங்கள். சம்பளப் பேச்சுவார்த்தை பற்றி முகநூலில் நடக்கும் சண்டையில் உங்கள் பங்கு இல்லாவிட்டாலும் அது நடக்கும்.

தவறிய பாடத்தை மட்டும் எழுதலாமா என்று யோசிப்பீர்கள். பல்கலைக்கழகத்துக்கு மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியாக வேண்டும். அந்தக் கதவையும் திறந்து வைக்க மூன்றையும் எழுதுங்கள். தமிழுக்கும் புவியியலுக்கும் கிழமையில் ஒவ்வொரு காலை ஒதுக்கினால் பிடி விட்டுப்போகாது. கல்வியியற் கல்லூரிக்கான பாட நிபந்தனையும் வயதெல்லையும் வர்த்தமானி அறிவித்தலில் வரும், அதைத் தமிழில் முழுதாக வாசியுங்கள்.

நீங்கள் உண்மையில் தேடிப் படிக்க வேண்டிய செய்தி, பரீட்சைத் திணைக்களம் தனிப்பட்ட பரீட்சார்த்திகளிடம் விண்ணப்பம் கோரும் அறிவித்தல். விண்ணப்பம் இணையத்தில்தான், தேசிய அடையாள அட்டை இலக்கம் வேண்டும். கடைசி நாளில் சிக்னல் தேடி மேட்டு ரோட்டில் நிற்காதீர்கள். அதற்கு முன், இந்தக் கிழமையே பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தோட்டப்புறத்தில் தகப்பன் பெயர் ஒன்றில் ஒரு விதமாகவும் மற்றதில் வேறு விதமாகவும் பதிந்திருப்பது சாதாரணம். திருத்த வேண்டியிருந்தால் பிரதேச செயலகத்துக்குப் பல தடவை அலைய வேண்டி வரலாம், கடையில் லீவுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.