வேளாண் பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு நிதி: பலனை அளப்பது எப்படி? (கேள்வி பதில்)

"12,000 விவசாயிகளுக்குப் பயிற்சி தந்தோம்" என்று திட்ட அறிக்கை முடிகிறது. இதைப் பலனாக எடுத்துக்கொள்ளலாமா சார்?

கூடாது. பணம் செலவானதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த விதைப்புப் பருவத்தில் விதைநேர்த்தி (விதைக்கும் முன் விதையைப் பதப்படுத்துவது) செய்தார்கள், மூன்றாம் ஆண்டும் செய்தார்களா என்று கேளுங்கள். பயணப்படிக்காக ஒரே ஆள் நான்கு பயிற்சிக்கு வந்து நான்கு பேராகப் பதிவாவதும் உண்டு. வருகைப் பதிவேட்டை முதலில் பாருங்கள்.

பயிற்சி பெற்றவர்களின் விளைச்சல் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கிறதே?

கென்யாவில் இதே இடத்தில்தான் சறுக்கினார்கள். 1980களில் உலக வங்கி நிதியில் 'பயிற்சியும் வருகையும்' முறை அங்கே வந்தது. விரிவாக்கப் பணியாளர், அதாவது விவசாயிகளுக்கு வேளாண் ஆலோசனை சொல்பவர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குறித்த நாளில், தேர்ந்தெடுத்த விவசாயிகளைப் பார்ப்பார். அவர்கள் வழியே ஊருக்குச் செய்தி பரவும் என்பது கணக்கு. போட்ட பணம் பல மடங்காகத் திரும்பியது என்றது முதல் மதிப்பீடு. மாவட்டங்களுக்கிடையே உள்ள வேறுபாடுகளைக் கழித்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டபோது அந்தப் பலன் நிற்கவில்லை. மண்ணும் மழையும் நன்றாக உள்ள இடத்தில் பணியாளரும் அதிகம் இருந்தால், மழை தந்த நெல்லும் சோளமும் பயிற்சியின் கணக்கில் ஏறிவிடும்.

ஆகவே பயிற்சி தொடங்கும் முன்பே பயிற்சி பெறும் ஊர், பெறாத ஊர் என இரு தரப்பு ஊர்களிலும் அடிப்படைக் கணக்கெடுப்பு வேண்டும். எந்த ஊருக்கு முதலில் பயிற்சி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

30 ஊரில் ஊருக்கு 20 பேர், மொத்தம் 600 பேர். கணக்கெடுப்புக்குப் போதுமா?

பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள். ஊருக்குள் ஒப்புமை (ஒருவருக்கொருவர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற அளவு; முழுதும் ஒத்தால் 1) 0.1 என்றால், ஒருவர் போக மற்ற 19 பேருக்கும் சேர்த்து 1 + (19 × 0.1) = 2.9. 600ஐ அதால் வகுத்தால் ஏறத்தாழ 207 பேர் அளவுக்குத்தான் தகவல். ஆளைக் குறைத்து ஊரைக் கூட்டுங்கள்: 60 ஊர், ஊருக்கு 10 பேர் என்றால் அதே 600 பேர் சுமார் 316க்குச் சமம்.

விளைச்சலை விவசாயியிடமே கேட்டு எழுதலாமா?

சிறு வயலுக்குக் கூட்டிச் சொல்வது வழக்கம். 5 × 5 மீட்டர் சதுரம் அறுத்து எடை போடுங்கள். வயலின் நல்ல பகுதியாகப் பார்த்துக் கட்டம் போடாதீர்கள். ஈரப்பதமும் அளக்க வேண்டும். அந்தச் சதுரத்தில் 22 சதவீத ஈரத்தில் கிடைத்த 15 கிலோ நெல், 14 சதவீதத்துக்கு மாற்றினால் 13.6 கிலோதான், அதாவது எக்டருக்கு 5.4 டன். இதை விட்டுவிட்டு ஈர நெல்லையும் காய்ந்த நெல்லையும் ஒப்பிட்ட அறிக்கைகள் உண்டு!

இந்தோனேசியாவின் வயல்வெளிப் பள்ளி வெற்றியா, தோல்வியா?

ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. வயல்வெளிப் பள்ளி என்பது விவசாயிகள் குழுவாக வயலிலேயே பூச்சிகளைக் கவனித்துக் கற்கும் பயிற்சி. நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சியால் 1986இல் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தார்கள், மருந்து மானியமும் படிப்படியாக நின்றது. பள்ளிகள் 1989இல்தான் வந்தன. பின்னர் மருந்து குறைந்ததில் பள்ளியின் பங்கு எவ்வளவு? 1991, 1999 தரவுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில் விளைச்சலிலோ மருந்துப் பயன்பாட்டிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. பக்கத்து வயல்காரருக்கும் அறிவு பெரிதாகப் பரவவில்லை.

ஆராய்ச்சி நிதியை எப்படி மதிப்பிடுவது?

ஐந்தாண்டுத் திட்டக்காலத்துக்குள் முடிவு தேடாதீர்கள். ஆப்பிரிக்க மரவள்ளி மாவுப்பூச்சிக்குத் எதிரியாக, அதன் உடலிலேயே வளர்ந்து அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியைத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து 1981இல் நைஜீரியாவில் விட்டார்கள். விவசாயிக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை. அதே பூச்சி 2020இல் கேரளத்தில் தென்பட்டு, தமிழ்நாட்டுக்கும் வந்தபோது, அதே குளவியைத்தான் மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து தருவித்தார்கள். இந்தப் பலன் எந்த நன்கொடை நாட்டின் முடிவு அறிக்கையிலும் ஏறியிருக்காது.