மணல்மேடும் தட்டைத் தரையும் – கடிதம்

வணக்கம் சார்,

மஸ்கட்டில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். ஜனவரியில் ஆறு நாள் லீவு கிடைக்கிறது. நண்பரின் பழைய பிராடோவில் நான்கு பேர் கிளம்பலாம் என்று திட்டம். ஹைமா, தும்ரைத் வழியாக ஷிஸ்ர், ருப் அல் காலி பாலைவன மணலில் இரண்டு இரவு, பிறகு ஸலாலா, ஹாசிக், ஷுவைமியா, துக்ம் என்று கடலோரமாகத் திரும்பி, கடைசி நாள் பர் அல் ஹிக்மான். வாதிகளில் (வறண்ட ஆற்றுப்படுகைகளில்) ஓட்டிப் பழக்கம் உண்டு, மணலில் கிடையாது. பர் அல் ஹிக்மான் தட்டையான இடம், அதனால் அங்கே பிரச்சினை இருக்காது. மணல்மேடுகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஒரே வண்டியில் போகலாமா? டயரில் காற்று எவ்வளவு? சாட்டிலைட் போன் அவசியமா?

கே., மஸ்கட்

அன்புள்ள கே.,

பயத்தை இடம் மாற்றி வைத்திருக்கிறீர்கள். மணல்மேட்டில் சிக்கிய வண்டியை ஒரு மண்வெட்டியும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலும் நீங்களே எடுத்துவிடலாம். சப்காவில் இறங்கிய வண்டியை எடுக்க இன்னொரு வண்டி வேண்டும், சில சமயம் அதுவும் போதாது. பர் அல் ஹிக்மானின் பெரும்பகுதி சப்காதான்.

சப்கா என்பது கடலோர உப்புக் களர். நிலத்தடி உவர்நீர் மேற்பரப்புக்கு மிக அருகிலேயே நிற்கும். வெயில் அதை மேலே உறிஞ்சி ஆவியாக்க, உப்பும் ஜிப்சமும் தங்கி ஒரு பொருக்காக இறுகிவிடும். பால்மேல் ஆடை மாதிரி. கீழே ஈரக் களிமண். ஆள் நடந்தால் தாங்கும், காலி பிக்கப் போனாலும் தாங்கும். நான்கு பேரும் சாமான்களும் ஏற்றிய பிராடோவை ஒரு நூறு மீட்டர் தாங்கிவிட்டு அடுத்த பத்தாவது மீட்டரில் விட்டுவிடும். நிலம் கிட்டத்தட்ட சரிவே இல்லாதது என்பதால், பெரிய ஓதம் (கடலேற்றம்) வரும் நாட்களில் கடல்நீர் உள்ளே வெகுதூரம் பரவும். போன வாரம் யாரோ போன தடம் இருக்கிறதே என்று அதில் போவீர்கள். நடுவில் ஓர் ஓதம் வந்து போயிருக்கும்.

நிறத்தைப் பாருங்கள். வெளுத்து, உலர்ந்து, வண்டித் தடம் பழசாகி இறுகிக் கிடக்கும் தரை பெரும்பாலும் நம்பத்தக்கது. கரும்பழுப்பாக, லேசாக மினுங்கினால் ஈரம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஒருவர் இறங்கி முன்னால் ஐம்பது அடி நடந்து, குதிகாலால் ஓங்கி மிதிக்கட்டும். பள்ளத்தில் நீர் கசிந்தால் அதோடு திரும்பிவிடுங்கள். ஓடும்போதே ஸ்டியரிங் கனத்து, வண்டி பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் தோன்றினால் பிரேக் போடாதீர்கள், வெடுக்கென்று திருப்பாதீர்கள். வேகம் குறையாமல் பெரிய வளைவாக வளைத்து வந்த தடத்துக்கே போய்ச் சேருங்கள். நின்றுவிட்டால் ஒருமுறைகூட ஆக்சிலரேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுழற்றக் கூடாது. மணலில் தோண்டினால் வெறும் பள்ளம்தான் விழும், இங்கே தோண்டத் தோண்ட உப்புத் தண்ணீர் ஊறும். கெட்டித் தரையில் நிற்கும் இன்னொரு வண்டி நீளக் கயிறு போட்டு இழுப்பதுதான் வழி. எனவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: ஒரே வண்டியில் தார்ச்சாலையும் நல்ல கிராவல் பாதையும் மட்டும். அதற்கு அப்பால் இரண்டு வண்டி. சப்காவில் இரண்டும் நூறு மீட்டர் இடைவெளி விட்டுப் போக வேண்டும், ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போனால் இரண்டுமே சேர்ந்து இறங்கும்.

மீனவர்களின் பிக்கப் தடத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். அவர்களுக்கு ஓத நேரம் தெரியும், வண்டியில் வலையைத் தவிர எடை இருக்காது. ஃபிலிம், கலூஃப் கிராமங்களில் நின்று கேட்டுவிட்டுப் போவதே நல்லது. பறவைகளுக்காகப் போகிறீர்கள் என்றால் சப்காவுக்குள் இறங்கவே தேவையில்லை. குளிர்காலத்தில் அந்தச் சேற்றுப்பரப்புக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கரைப்பறவைகள் வலசை வருகின்றன. மசீரா தீவுக்குப் படகு ஏறும் ஷன்னா வரை தார்ச்சாலை இருக்கிறது. ஃபிலிமில் அலையாத்திக்காட்டு ஓரமாகவே போதுமான அளவு பார்க்கலாம்.

இப்போது ருப் அல் காலி. அங்கேயும் இதே கதைதான். மணல்மேடுகளுக்கு நடுவே உள்ள தட்டைத் தரையில்தான் எல்லோரும் நிம்மதியாக வேகம் எடுப்பார்கள், அதில் பல இடம் சப்கா. 2018 மே மாதம் மெகுனு புயல் மழைக்குப் பிறகு மேடுகளுக்கிடையே ஏரிகளே நின்றன. வடக்கே இன்னும் பெரிய சப்கா ஒன்று உண்டு, உம் அஸ் ஸமீம். நஞ்சின் தாய் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். ஓமன் மலைகளின் உட்பக்க வாதிகள் பல அங்கே போய் முடிகின்றன, கடலுக்கு வழியில்லாமல் அங்கேயே ஆவியாகின்றன.

ஆறு நாளில் நீங்கள் போட்டிருக்கும் சுற்று சுமார் 2,500 கி.மீ. மணல் பழகாத ஓட்டுநர், ஒரே வண்டி, ஷிஸ்ருக்கு அப்பால் இரண்டு இரவு. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த முறை கலூஃபின் வெள்ளை மணல்மேடுகளில் இரண்டாவது வண்டியோடு பழகிக்கொள்ளுங்கள். சிக்கினால் நடந்தே கிராமத்துக்கு வந்துவிடலாம்.

காற்றின் கணக்கு: தார்ச்சாலையில் உங்கள் வண்டியின் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவு. அலையலையாக உதறும் கிராவல் பாதையில் 25 பிஎஸ்ஐ. மணலில் 16 முதல் 18. சிக்கியபின் மீட்க மட்டும் 12. அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மிலிருந்து கழன்று வரும். குறைந்த காற்றில் சட்டென்று திருப்பினாலும் அதே கதி. காற்றைக் குறைத்தால் டயரின் தடம் நீளும், எடை பரவும், மணல் தாங்கும். அதே டயரோடு தார்ச்சாலையில் நூறில் ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். எனவே கம்ப்ரஸர் கட்டாயம். சிகரெட் லைட்டரில் செருகுவது வேண்டாம், ஃப்யூஸ் போகும். பேட்டரியில் நேராகக் கவ்வுவதை வாங்குங்கள், இன்ஜினை ஓடவிட்டே நிரப்புங்கள். பழைய வண்டி என்கிறீர்கள், டயரின் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 3219 என்றால் 2019ஆம் வருடத்தின் 32ஆம் வாரம். ஐந்து வருடம் தாண்டிய டயர் ஓமன் வெயிலுக்குப் பிறகு வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் காற்றைக் குறைத்து ஓட்ட லாயக்கில்லை.

மணலில் நிற்க வேண்டுமானால் பிரேக்கை மிதிக்காமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள், முடிந்தால் முன்பக்கம் சரிவைப் பார்த்தபடி. பிரேக் போட்டால் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் மணல் ஆப்பு வைத்ததுபோல் குவியும், பிறகு அதன்மேல் ஏறித்தான் கிளம்ப வேண்டும். டிராக்ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள், சக்கரம் வழுக்கும் நேரத்தில் அது பவரைக் குறைத்துவிடும். சரிவில் இறங்கும்போது நேராக மட்டும். வண்டி பக்கவாட்டில் நழுவ ஆரம்பித்தால் ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்ப வேண்டும். மேட்டுப்பக்கம் திருப்பத்தான் கை போகும், வண்டி உருளுவதும் அப்படித்தான். காலையில் மணல் இறுகியிருக்கும். உச்சி வெயிலில் இளகியிருக்கும், நிழலும் விழாது, எதிரே பள்ளம் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. பதினோரு மணிக்குள் ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

சிக்கினால் முதலில் வண்டியின் வயிற்றைப் பாருங்கள். டிஃபரன்ஷியலும் ஆக்ஸிலும் மணலில் உட்கார்ந்திருந்தால் சக்கரத்துக்கு முன்னால் மட்டும் தோண்டிப் பயனில்லை. அடியில் உள்ள மணலைக் கைகளால் வாரி எடுத்துவிட்டு, 12க்குக் காற்றை இறக்கி, ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் இழுக்கும் லோ கியரில்) போட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிக்கு ஓரடி கனமான பலகை ஒன்று இருக்கட்டும், இல்லாவிட்டால் வண்டி எழும்பாது, ஜாக்கி மண்ணுக்குள் போகும். கயிற்றை ஒருபோதும் டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் உருண்டையில்) மாட்டாதீர்கள். அது முறிந்து பறந்து ஆள் செத்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. கப்பலில் ஏற்றும்போது கட்டுவதற்கென்று இருக்கும் மெல்லிய கொக்கிகளும் இழுப்பதற்கானவை இல்லை. சேஸிஸில் போல்ட் போட்ட இழுவைக் கொக்கிதான்.

தண்ணீர், ஆளுக்கு நாளைக்கு 6 லிட்டர், சமையல் உட்பட. கடையில்லாத இரண்டு நாள், அதோடு சேமிப்பாக இன்னும் இரண்டு நாள், நான்கு பேர்: ஏறத்தாழ 100 லிட்டர். ஒரே கேனில் வேண்டாம், ஒரு விரிசல் போதும். தார்ச்சாலையில் 100 கி.மீ.க்கு 13 லிட்டர் குடிக்கும் வண்டி இளகிய மணலில் 25 கேட்கும் என்று வைத்துப் பெட்ரோலைக் கணக்கிடுங்கள்.

ஹைமா சாலையில் இரவில் ஓட்டவே வேண்டாம். ஒட்டகத்துக்குக் கால் நீளம்; மோதினால் கால்கள் பானட்டில் மடங்கும், ஐந்நூறு கிலோ உடம்பு கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். அந்த ஜித்தத் அல் ஹராசீஸ் சமவெளி விண்கற்கள் அதிகம் கிடைக்கும் இடம். கறுத்த கல் கண்ணில் பட்டால் படம் எடுத்துவிட்டு அங்கேயே விடுங்கள், அனுமதியில்லாமல் எடுத்துப் போவது குற்றம்.

சாட்டிலைட் போன் வேண்டும். தார்ச்சாலையை விட்டுச் சில கிலோமீட்டர் போனாலே சிக்னல் நின்றுவிடும். அவசர எண் 9999ஐ அழைக்கக்கூட வழியிருக்காது. ஆனால் வாடகைக்கு எடுத்து ஓமனிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துரயா, இரிடியம் போன்களையோ சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் கருவியையோ மறந்துபோய் ஊருக்குப் போகும் பெட்டியில் போட்டுவிட்டால், மத்திய அரசின் அனுமதி இல்லாத காரணத்தால் விமான நிலையத்திலேயே வழக்காகிவிடும். போனை விட முக்கியமானது, மஸ்கட்டில் ஒருவரிடம் பாதையையும், 'இத்தனை மணிக்குள் கூப்பிடாவிட்டால் போலீசுக்குச் சொல்' என்ற நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது.

ஸலாலாவை அடுத்த லீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கோர் ரோரியில் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். சாம்பிராணி ஏற்றுமதியான அந்தப் பழைய துறைமுகத்தில், 'நந்தை கீரன்' என்று தமிழ் பிராமியில் கீறிய பானை ஓடு ஒன்று கிடைத்திருக்கிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டு என்கிறார்கள்.

கிளம்பும் தேதிக்கு வீட்டிலிருக்கும் தினசரிக் காலண்டரைப் பாருங்கள். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் ஓதம் பெரிதாக இருக்கும், இடைப்பட்ட நாட்களில் சிறிதாக. அஷ்டமி நவமியில் பயணம் கூடாது என்று அம்மா சொல்வார்கள். பர் அல் ஹிக்மானுக்கு அதையொட்டிய நாட்கள்தான் நல்ல நாள்.