தோப்பில் முகம்மது மீரான் மலையாள எழுத்தாளரா, தமிழ் எழுத்தாளரா?

திருநெல்வேலிப் பேட்டையில் வாழ்ந்தாலும், மலையாளத்தில் படித்தவர் என்பதால் இந்தக் குழப்பம். சந்தேகமே வேண்டாம், தமிழ் எழுத்தாளர்தான்.

1944-இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தார். அந்த ஊர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது; தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956-இல்தான். அதனால் பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். அப்புறம் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்துகொண்டே எழுதினார்.

அவரைப் படிக்க, முதலில் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நாவலை எடுங்கள். ஊரையே கைக்குள் வைத்திருக்கும் வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளிக்கு ஊருக்குள் பள்ளிக்கூடம் வருவது பிடிக்காது. அவரை எதிர்த்து நிற்பவரோ சுறாப்பீலி (சுறாமீன் துடுப்பு) விற்கும் மஹ்மூது. சொந்தச் சமூகத்தின் மூடநம்பிக்கையையும் ஆதிக்கத்தையும் உள்ளே இருந்துகொண்டே சொன்ன துணிச்சல்தான் இவருடைய பலம் என்பேன். உம்மா, வாப்பா என்று பேச்சு அப்படியே வரும். முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் இடறும், பிறகு பழகிவிடும்.

1997-இல் 'சாய்வு நாற்காலி' நாவலுக்கு சாகித்திய அகாதமி விருது. 2019 மே மாதம் காலமானார். மலையாளத்திலிருந்து மொழிபெயர்ப்பும் செய்திருக்கிறார். ஆனால் நாவல்களைப் படித்துவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.