நரியைத் துரத்தியது நாயா, ஆளா?

கேள்வி: நாய்களை ஏவி நரி வேட்டையாடுவதை இங்கிலாந்தில் 2004-லேயே தடை செய்துவிட்டார்கள். ஆனால் சிவப்புக் கோட்டுக் கனவான்கள் இன்றும் குதிரையேறி, நாய்க் கூட்டத்தோடு கிளம்புகிறார்களே? பணக்காரன் என்றால் போலீஸ் கண்டுகொள்ளாதா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: போலீஸைத் திட்டுவதற்கு முன் சட்டத்தைப் படியுங்கள். ஓட்டை அங்கேதான்.

1997-ல் தொழிற்கட்சி உறுப்பினர் மைக்கேல் ஃபாஸ்டர் கொண்டுவந்த தடை மசோதாவுக்குக் காமன்ஸ் சபையில் (கீழவை) 411 வாக்குகள், எதிராக 151. ஆனாலும் நேரத்தை இழுத்தடித்தே அதைச் சாகடித்தார்கள். அடுத்து வந்தவற்றை மேலவையான பிரபுக்கள் சபை மறித்தது. கடைசியில் 1911, 1949 நாடாளுமன்றச் சட்டங்களைக் கையிலெடுத்து, பிரபுக்களின் சம்மதம் இல்லாமலேயே 2004 நவம்பர் 18-ல் நிறைவேற்றினார்கள். 2005 பிப்ரவரி 18 முதல் அமல். அப்போது பிரதமராக இருந்த டோனி பிளேரே பின்னாளில் தன்வரலாற்றில் இதற்காக வருத்தப்பட்டார்!

இனி ஓட்டைக்கு வருவோம். வேண்டுமென்றே நரியைத் துரத்தினால்தான் குற்றம். நரியைத் தேடி அலைவது மட்டும் வேட்டை ஆகாது என்று 2009-ல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘எனக்கு விலக்கு உண்டு’ என்று எதிராளி கிளப்பினால், இல்லை என்று நிரூபிப்பதும் அரசுத் தரப்பின் பாடு.

இங்கேதான் ‘டிரெயில் ஹன்டிங்’ முளைத்தது. நரி மூத்திர வாடை ஏற்றிய துணியை ஒருவர் முன்னால் இழுத்துப் போவார்; நாய்கள் அந்த வாடையைப் பிடித்து ஓடும். கேட்க நிரபராதமாக இருக்கிறது. ஆனால் துணி இழுபடுவது நரிகள் குடியிருக்கும் புதர்க்காட்டை ஒட்டி. எந்த வழியாக என்பது நாய்களை நடத்துபவருக்கே தெரியாது என்பார்கள். நாய் நிஜ நரியின் மோப்பத்துக்குத் தாவினால் ‘விபத்து’. நாய்க்கு ஏது நோக்கம்? ஆளுக்கு இருந்தது என்று எப்படிக் காட்டுவது? தடைக்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கும் ‘டிராக் ஹன்டிங்’ வேறு. அதில் சோம்பு போன்ற வாடை, முன்கூட்டியே குறித்த பாதை. நரிக்கு ஆபத்து மிகக் குறைவு. விளையாட்டுதான் முக்கியம் என்றால் அதுவே போதுமே. வளைக்குள் பதுங்கிய நரியைக் கிளப்பும் டெரியர் நாய்க்காரர்கள் துணியைத் துரத்தும் ஊர்வலத்துக்குப் பின்னால் எதற்கு? வேலி சரிசெய்ய வருகிறார்களாம்!

விலக்குகளையும் பாருங்கள். இரண்டு நாய்களை வைத்து நரியை வெளியே கிளப்பலாம். ஆனால் உடனே சுட்டுவிட வேண்டும். வேட்டைப் பறவைக்காகக் கிளப்புவதென்றால் நாய்க் கணக்கே கிடையாது. உடனே சில குழுக்கள் கையில் கழுகோடு கிளம்பின. தண்டனை வெறும் அபராதம், சிறை இல்லை. கீழ்நிலைக் குற்றம் என்பதால் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். ஆறு மாதத்தில் வீடியோவைச் சலித்து, சாட்சியைப் பிடித்து, மனசுக்குள் இருந்ததை நிரூபிக்க வேண்டும். எந்த இன்ஸ்பெக்டருக்கு ஆசை வரும்?

வேட்டைக்காரர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘பாரம்பரியம்’ என்பது அவர்களுடைய சொத்தை வாதம். ‘தடையால் நரி பிழைக்காது’ என்பதுதான் கனமானது. உண்மைதான், நரியைச் சுடுவது அங்கே இன்றும் சட்டப்படி சரி. நாய் வேட்டையை ஆராய அரசு அமைத்த பர்ன்ஸ் குழு 2000-ல் தந்த அறிக்கையும் சுடுவதில் காயப்பட்டுச் சாகும் ஆபத்தை மறைக்கவில்லை. வேட்டையை நம்பி 6,000 முதல் 8,000 வேலைகள் இருப்பதையும் கணக்கிட்டது. ஆனால் நாய் துரத்திக் கொல்வது நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்றும் அதே அறிக்கைதான் சொன்னது. இந்தச் சட்டம் கொல்லும் விதத்தைப் பற்றியது, எண்ணிக்கையைப் பற்றியதல்ல. இரு தரப்பும் வசதியாக இதை மறந்துவிடுகின்றன.

(ஊட்டி வென்லாக் டவுன்ஸில் வெள்ளைக்காரர்கள் நாய்களோடு துரத்தியது செந்நரியை அல்ல, நம்மூர்க் குள்ளநரியை. கோட்டும் கொம்பும் மட்டும் அசல்.)

இங்கிலாந்துக்கு முன்பே 2002-ல் தடை போட்ட ஸ்காட்லாந்து, ஓட்டையைப் பார்த்து 2023-ல் புதுச் சட்டமே எழுதியது. உரிமம் இல்லாமல் இரண்டு நாய்க்கு மேல் கூடாது. டிரெயில் ஹன்டிங்கும் தனிக் குற்றம். 2024 தேர்தல் அறிக்கையில் இங்கிலாந்திலும் டிரெயில் ஹன்டிங்கைத் தடை செய்வதாகத் தொழிற்கட்சி எழுதியது. பெயரை மட்டும் தடை செய்தால் அடுத்த சீசனில் வேறு பெயரில் கிளம்புவார்கள். ‘வேண்டுமென்றே’ என்பதோடு ‘அசட்டையாக நாயை விட்டாலும்’ என்று ஒரு வரி சேர வேண்டும். ஆறு மாதக் கெடு நீள வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் 2005 கதையேதான்.