சுவிஸ் பிரஜாவுரிமை எடுக்கலாமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நான் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஊர் ஒன்றில் பிறந்தவன். 2008 இல் வெளிக்கிட்டு சுவிஸ் வந்தேன். அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். இப்போது பேர்ன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. சி பெர்மிட் (நிரந்தர வதிவு அனுமதி) இருக்கிறது. மனைவி களுதாவளை. மகள் இங்கேயே பிறந்தவள், பன்னிரண்டு வயது.

வருடத்தில் நாலு தடவை இங்கே வாக்கெடுப்பு நடக்கும். அதற்கு முதல் எல்லார் வீட்டுத் தபால்பெட்டிக்கும் பெரிய கவர் ஒன்று வரும். எங்கள் பெட்டிக்கு வராது. போன தடவை மகள் கேட்டாள், "நமக்கு மட்டும் ஏன் வரல்ல?" என்று. அன்றிலிருந்து பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிப்போம் என்று மனைவி நிற்கிறாள். எனக்குத்தான் மனம் வரவில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "அந்த நாட்டுக்காரனாப் போனா மறுகா எனக்குக் கொள்ளி வைக்க வருவியா மனே" என்று அழுதார். அவரைக் கடைசியாகப் பார்த்தது திருச்சியில், ஒரு லொட்ஜ் அறையில். அப்பாவின் செத்தவீட்டுக்கு என்னால் போக முடியவில்லை. இலங்கைப் பிரஜை இல்லையென்று ஆகிவிட்டால் ஊரில் எனக்கு என்ன மிச்சம்? காணி என்னாகும்? கெமைண்டேயில் (ஊராட்சி மன்றத்தில்) கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்களாம், என் டொச்சும் (ஜெர்மன் மொழி) அவ்வளவு சுத்தமில்லை. உயிரைக் காப்பாற்றித் தந்தவர்களிடம் பாஸ்போர்ட்டையும் கேட்பது பேராசையோ என்றும் யோசிக்கிறேன். நீங்கள் பிரதேச செயலகப் பதிவுப் பிரிவில் வேலை செய்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

பெயர் வேண்டாம்,
பேர்ன்.

அன்புள்ள தம்பி,

எடுங்கள். இன்னும் தள்ளிப்போட வேண்டாம்.

அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் வராமல் போய்விடுவீர்கள் என்று அவர் பயப்படுகிறார். ஆனால் வர முடியாத நிலையில் நீங்கள் இருப்பது இப்போதுதான். அகதியாக ஏற்கப்பட்டவருக்கு சுவிஸ் கொடுக்கும் பயணப் பத்திரத்தை வைத்துக்கொண்டு ஊர் உலகம் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போகக்கூடாது. போனது தெரிந்தால் அகதி அந்தஸ்தே பறிபோகலாம். திருச்சி லொட்ஜில் அம்மாவைப் பார்க்க வேண்டி வந்ததும், அப்பாவின் செத்தவீட்டுக்குப் போக முடியாமல் போனதும் அதனால்தான். சுவிஸ் பிரஜாவுரிமை கிடைத்ததும் அகதி அந்தஸ்து முடிகிறது. அந்தத் தடையும் அதோடு போய்விடும். பிறகு சுவிஸ் பாஸ்போர்ட்டில் விசா எடுத்துக்கொண்டு கட்டுநாயக்காவில் வந்து இறங்கலாம். அம்மாவுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். மகன் அந்த நாட்டுக்காரனாக ஆனால்தான் வீட்டு வாசலுக்கு வர முடியும் என்று சொல்லுங்கள். அழுகை நிற்கும்.

வருவது பாதுகாப்பா என்பது வேறு கேள்வி. நீங்கள் ஏன் வெளிக்கிட்டீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் பேரில் வழக்கோ பிடியாணையோ கிடக்கிறதா என்று இங்கே நம்பிக்கையான சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். அவசரம் வேண்டாம்.

அடுத்தது அந்தக் கவர். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான். வெளிநாட்டில் இருந்துகொண்டு வாக்களிக்க இலங்கை இன்னும் வழி செய்யவில்லை. ஆகவே 2008 இலிருந்து நீங்கள் உலகத்தில் எங்கேயும் வாக்குப் போடாத மனிதர். வரி கட்டுகிறீர்கள், கிழவர் கிழவிகளுக்குச் சமைத்துப் போடுகிறீர்கள், பிள்ளை அந்த ஊர்ப் பள்ளியில் படிக்கிறாள். அந்தப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டுவதா என்று ஊர் முடிவெடுக்கிற நாளில் உங்களிடம் கேட்க ஆளில்லை. இதைச் சரி செய்யக் கேட்பதில் எங்கே தம்பி பேராசை?

பிரஜாவுரிமை இல்லாமல் இருப்பது என்னவென்று நம் நாட்டுத் தமிழருக்குத் தெரியும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடமே வாக்கும் போனது. 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். மிச்சம் கிடந்தவர்களுக்கும் சேர்த்து முழுதாகத் தீர்வு சொன்ன சட்டம் 2003 இல்தான் வந்தது. 1977 கலவரத்தில் அடிபட்டு வடக்கு கிழக்குக்கு வந்த தோட்டக் குடும்பங்கள் எத்தனையோ. அப்படி வந்த ஒரு பெரியவர் எங்கள் பிரிவுக்கு ஒருமுறை வந்தார். சொப்பின் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் மடித்து மடித்துக் கிழிந்த கடதாசிகள். ஒவ்வொன்றையும் மேசையில் விரித்து உள்ளங்கையால் நீவிவிட்டு, எழுத்துத் தெரிகிறதா என்று என் முகத்தைப் பார்த்தார். பேரப்பிள்ளையின் பிறப்புப் பதிவுக்காக வந்தவர் அவர். அந்த மனிதருக்கு மறுக்கப்பட்டதை உங்களுக்கு ஒரு நாடு சட்டப்படி தரத் தயாராக இருக்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

இன்னொன்று. இலங்கையில் பெண்களுக்கும் வாக்கு கிடைத்தது 1931 இல். சுவிஸ் பெண்களுக்குக் கூட்டாட்சி மட்டத்தில் அது கிடைக்க 1971 ஆனது. மகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். அந்த ஊரில் தலை நிமிர்ந்து நிற்க உதவும்.

சரி, இலங்கைப் பக்கம். நம் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 20 ஆம் பிரிவுப்படி, வம்சாவளிப் பிரஜை (பெற்றோர் வழியில் இலங்கைப் பிரஜையானவர்) ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுப் பிரஜாவுரிமை பெற்றால் இலங்கைப் பிரஜாவுரிமை அற்றுப்போகும். யாரும் கடிதம் அனுப்ப மாட்டார்கள், அது தானாக நடந்துவிடும். அதே சட்டத்தின் 19 ஆம் பிரிவு, 1987 திருத்தத்துக்குப் பிறகு, இரட்டைப் பிரஜாவுரிமைக்கு வழி வைத்திருக்கிறது. வேறு நாட்டுப் பிரஜையாகப் போகிறவர் முன்கூட்டியே விண்ணப்பித்து இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைக்கலாம். இழந்தவர் பிறகு விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம்.

பொதுவாக யாராவது கேட்டால் முதல் வழியையும் யோசியுங்கள் என்பேன். உங்களுக்கு அது வேண்டாம். அகதி அந்தஸ்தில் இருந்துகொண்டு இலங்கைத் தூதரகப் படி ஏறினால், அந்த அரசின் பாதுகாப்பை மறுபடி நாடினீர்கள் என்று சுவிஸ் எடுத்துக்கொள்ளலாம். அதனால் முதலில் சுவிஸ் பிரஜாவுரிமை, கையில் பாஸ்போர்ட் வந்த பிறகு ஆறுதலாக 19 ஆம் பிரிவு. சுவிஸ் 1992 இலிருந்து இரட்டைப் பிரஜாவுரிமையை அனுமதிக்கிறது, அந்தப் பக்கம் தடை இல்லை. ஆனால் இரட்டைப் பிரஜையாக இங்கே வந்தால் இந்த அரசு உங்களைத் தன் பிரஜையாகவே நடத்தும். ஏதும் சிக்கல் என்றால் சுவிஸ் தூதரகம் தலையிடுவது கடினமாகும். ஊரைவிட்டு ஓடி வந்தவர் இதை நன்றாக யோசிக்க வேண்டும். வெறும் சுவிஸ் பிரஜையாகவே சில வருடம் வந்து போய்ப் பாருங்கள் என்பது என் அபிப்பிராயம்.

காணி விஷயம் நீங்கள் நினைக்கிற அளவு பெரிதில்லை. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. ஆனால் நெருங்கிய உறவினருக்கு வாரிசுரிமையாக வருவதற்கு விலக்கு உண்டு, இரட்டைப் பிரஜைகளுக்கும் உண்டு. அம்மாவிடம் இருப்பது உறுதிக் காணியா, அரசு கொடுத்த பெர்மிட் காணியா என்று முதலில் பாருங்கள். பெர்மிட் என்றால் பின்னுரித்தாளராக (அம்மாவுக்குப் பிறகு உரியவராக) யாரைப் பதிந்திருக்கிறது என்று பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேட்க வேண்டும். எப்படியும் நம் பக்கத்து வழக்கப்படி வீடும் வளவும் தங்கச்சிக்குத்தானே போகும்? கோயிலில் உங்கள் குடிக்கு (குலத்துக்கு) உள்ள உரிமை அம்மா வழியில் வருவது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேரில் வடம் பிடிக்கிறவனிடம் யாரும் பாஸ்போர்ட் பார்ப்பதில்லை.

கெமைண்டேக் கேள்விகளுக்குப் பயப்பட வேண்டாம். ஐரோப்பிய மொழி அளவுகோலில் பேச்சுக்கு பி1 (நடுத்தரம்), எழுத்துக்கு ஏ2 (அடிப்படை) என்பதுதான் கூட்டாட்சிச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச மொழியறிவு. வேலைத்தலத்தில் நாள் முழுக்க டொச் பேசுகிறவருக்குப் பேச்சு வரும், எழுத்துக்குத்தான் கொஞ்சம் இருந்து படிக்க வேண்டும். ஷ்விஸ் மாநிலத்தில் ஆர்த் என்ற ஊரில் முப்பது வருடம் இருந்த இத்தாலியர் ஒருவரை நிராகரித்தார்கள். அங்கே விலங்குப் பூங்காவில் கரடியும் ஓநாயும் ஒரே அடைப்பில் இருப்பது அவருக்குத் தெரியவில்லை என்பதும் காரணங்களில் ஒன்று. அவர் கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனார். ஆளை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பிரஜாவுரிமை கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். 2003 வரை சில ஊர்களில் விண்ணப்பக்காரரின் படத்தைப் போட்டு வாக்குப்பெட்டியில் தீர்மானித்தார்கள். அதையும் அதே நீதிமன்றம்தான் நிறுத்தியது. இப்போது நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டும், நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். ஊர்த் தலைவர் பெயர், பக்கத்து ஆறு, வாக்கெடுப்பு நடக்கும் முறை இவற்றை மகளிடமே கேட்டுப் படியுங்கள்.

பத்து வருட வதிவும் சி பெர்மிட்டும் இருக்கிறது. மகளையும் உங்கள் விண்ணப்பத்திலேயே சேர்க்கலாம். சமூக உதவிப் பணக் கணக்கை மட்டும் பாருங்கள். கூட்டாட்சி மூன்று வருடத்தைப் பார்க்கும், பேர்ன் மாநிலம் பத்து வருடம் பின்னுக்குப் போகும். அந்தக் காலத்தில் எடுத்தது ஏதும் இருந்தால் திருப்பிக் கட்டியிருக்க வேண்டும்.

உண்மையில் ஆட்கள் மாட்டிக்கொள்வது கேள்வி மேசையில் இல்லை, பிறப்புச் சான்றிதழில்தான். வருடக் கணக்கில் இழுபட்ட விண்ணப்பங்கள் எனக்குத் தெரியும். உங்கள் படுவான்கரைப் பக்கத்துப் பெயர்களில் 'போடி' என்ற பட்டம் வரும். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் போடியோடு இருக்கும், அடையாள அட்டையில் போடி இருக்காது, விவாகச் சான்றிதழில் மறுபடி இருக்கும். சுவிஸில் அப்பாவின் பெயரைத்தான் உங்கள் குடும்பப் பெயராகப் பதிந்திருப்பார்கள். ஒரு எழுத்து மாறினாலும் அவர்களுக்கு அது வேறு ஆள். போதாததற்கு, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு எழுத்துக் கூட்டியிருப்பார்.

ஆகவே விண்ணப்பப் படிவத்தைத் தொட முதல் இதைச் செய்யுங்கள். தங்கச்சியை உங்கள் பிறப்பு பதியப்பட்ட இடத்துக்குரிய பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவுக்கு அனுப்பி, சான்றுப்படுத்திய புதிய பிரதிகள் எடுக்கச் சொல்லுங்கள். சான்றிதழ் இலக்கம் தெரியாவிட்டால் பிறந்த திகதியையும் அம்மாவின் பெயரையும் கொடுத்துத் தேடச் சொல்லலாம். யுத்தத்தில் வீட்டுப் பத்திரம் எரிந்தாலும் புத்தகத்தில் பதிவு இருக்கும், இங்கே இல்லாவிட்டால் கொழும்பு மத்திய பதிவேட்டறையில் பார்க்கலாம். பதிவே கிடைக்காவிட்டால், சுவிஸ் சிவில் பதிவகத்தில் அதிகாரி முன்னால் வாக்குமூலம் கொடுக்கவும் அங்கே சட்டத்தில் வழி இருக்கிறது.

பிரதி கையில் வந்ததும் உங்கள் சுவிஸ் பத்திரத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டும் ஒரே ஆளின் பெயர்தான் என்று அம்மா ஒரு சத்தியக் கடதாசி முடித்துத் தரலாம். அவர் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள். மொழிபெயர்ப்பை இங்கே செய்வதா அங்கே செய்வதா என்று உங்கள் சிவில் பதிவகத்தில் கேட்டுவிட்டுக் காசைச் செலவழியுங்கள். பிரதிகளும் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பார்கள், அதனால் மற்றவற்றை ஆயத்தம் செய்துகொண்டு இதை எடுங்கள். போடி சம்பந்தமாகச் சந்தேகம் வந்தால் பெயரை மறைத்துப் படம் எடுத்து அனுப்பாதீர்கள், பெயரைத்தானே பார்க்க வேண்டும். தனி மின்னஞ்சலில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.