கேணியும் ஓடையும்: வாசகர் கேள்விகள்

எங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் தோண்டுகிறார்கள். கிணற்றில் தண்ணீர் கிடுகிடுவென்று இறங்கிவிட்டது. மழை இல்லாததுதான் காரணம் என்கிறார்கள். நம்பலாமா?

இரண்டுமே காரணமாக இருக்கலாம். குழி நீர்மட்டத்துக்குக் கீழே போனதும் நாலா பக்கமிருந்தும் உள்ளே தண்ணீர் ஊறும், அதை ராத்திரி பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும், அப்படி இறைக்க இறைக்கச் சுற்றுவட்டார நீர்மட்டம் புனல் மாதிரி குழியைப் பார்த்துச் சரியும். வறட்சி என்றால் கிட்டத்தில் இருக்கும் கிணறும் எட்டத்தில் இருக்கும் கிணறும் சேர்ந்தே இறங்கும், நல்ல மழை பெய்தால் சேர்ந்தே ஏறும். குழிக்கு அருகே உள்ளவை மட்டும் அதிகமாக இறங்கி, மழைக்குப் பிறகும் ஏறாமல் கிடந்தால் சுரங்கத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் வாயால் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டுங்கள். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, மாதம் ஒருமுறை, காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால், அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து தேதியோடு நோட்டில் எழுதுங்கள். மழை பெய்த நாளையும் எழுதுங்கள். தூரத்தில் இருக்கும் நாலைந்து கிணற்றுக்காரர்களும் இதையே செய்தால் இன்னும் நல்லது. சுரங்கம் வருவதற்கு முன்பே இதைத் தொடங்கியவர்கள் கையில்தான் வலுவான ஆதாரம் இருக்கும்.

ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது, ஆனால் பாறையெல்லாம் செம்மஞ்சளாக அப்பிக் கிடக்கிறது. மாடு குடிக்கலாமா?

பரிசோதிக்கும் வரை வேண்டாம். தெளிவைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். நிலக்கரியிலும் அதை மூடியிருந்த பாறையிலும் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் இருப்பதுண்டு. மண்ணுக்கடியில் காற்றுப் படாமல் இருந்தவரை அது சும்மா கிடந்தது. தோண்டி வெளியே கொட்டியதும் காற்றும் மழையும் பட்டு கந்தக அமிலமாகிறது, அந்த அமிலம் இரும்பு, மாங்கனீசு, அலுமினியம் எல்லாவற்றையும் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடைக்கு வருகிறது. கரைந்த இரும்பு கண்ணுக்குத் தெரியாது, காற்றுப் பட்ட பிறகுதான் துருவாகிப் பாறையில் படியும். ஒரு வெள்ளை வாளியில் பிடித்து வைத்துப் பாருங்கள், தெளிந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் பழுப்பேறினால் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து பிஎச் பாருங்கள், அதாவது தண்ணீரில் அமிலம் எவ்வளவு என்று காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடும். 7 இருக்க வேண்டிய இடத்தில் 4 காட்டினால் அமிலம் ஆயிரம் மடங்கு கூடியிருக்கிறது, மீன் பிழைக்காது. 7 காட்டினாலும் விட்டுவிட முடியாது, ஏனென்றால் சுண்ணாம்புப் பாறை அமிலத்தை முறித்திருக்கலாம், கந்தக அமிலத்திலிருந்து வந்த சல்பேட் என்ற உப்பு மட்டும் அப்படியே இருக்கும். எனவே பிஎச், சல்பேட், இரும்பு, மாங்கனீசு, மொத்தக் கரைபொருள் இத்தனையும் பார்க்கச் சொல்லி ஆய்வகத்தில் கேளுங்கள். மழைக்கு முன்னால் ஒருமுறை, மழைக்குப் பின்னால் ஒருமுறை.

தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி ஏடு மிதக்கிறது. டீசலா?

குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லு சில்லாக உடைந்து அப்படியே நின்றால் பெரும்பாலும் இரும்புப் பாக்டீரியாவின் வேலை. கலைந்த ஏடு மறுபடி ஒன்று சேர்ந்தால் எண்ணெய்.

கொதிக்க வைத்துக் குடிக்கலாம்தானே?

கிருமி சாகும். சல்பேட்டும் உலோகமும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

சுரங்கத்தை மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

நீர்மட்டம் மெதுவாக ஏறும், அதற்குப் பல வருடம் பிடிக்கலாம். அப்படி ஏறும் தண்ணீர் காய்ந்து கிடந்த பாறையிலிருக்கும் உப்பையும் அமிலத்தையும் கழுவிக்கொண்டு வரும், அதனால் இறைப்பதை நிறுத்திய பிறகு புது இடத்தில் துருநிற ஊற்று கிளம்புவதும் உண்டு. கிணறு நிறைந்துவிட்டதே என்று உடனே குடிக்கத் தொடங்காதீர்கள், ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்த பிறகு குடியுங்கள்.