வாக்குமூலத்தோடு முடிந்துபோன கதை

கேள்வி: தீவிரவாதச் சதியை முறியடிக்கும் போலீஸ் அதிகாரியைப் பற்றி, வட சென்னையை வைத்து ஒரு நீதிமன்றத் த்ரில்லர் எழுதி, தொடராக வெளியிடக் கேட்டு அனுப்பியிருந்தேன். திருப்பி அனுப்பிவிட்டீர்கள். போலீஸை நல்லவராகக் காட்டியதுதான் காரணமா? குண்டு வைக்கிறவனிடம் சட்டம் பேசிக்கொண்டிருந்தால், செத்துப்போகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது?
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: போலீஸ்காரர் நல்லவராக இருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவரை வேலை செய்யவே விடவில்லையே என்பதுதான் என் வருத்தம். ஏழாவது அத்தியாயத்தில் அந்தப் பையனை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கி வருகிறார்கள். நாலு அடி விழுந்ததும் எல்லாவற்றையும் கக்கிவிடுகிறான். அதை எழுதி வாங்கி நீதிபதி முன் வைக்கிறார்கள், தண்டனை கிடைத்துவிடுகிறது. நீதிமன்றத் த்ரில்லரில் நீதிமன்றத்துக்கு வேலையே இல்லை.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லாது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25வது பிரிவு சொன்னது அது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டமும் அதை மாற்றவில்லை. அவன் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால், அதைக் கண்டெடுக்க உதவிய வார்த்தைகள் மட்டும் செல்லும். நீங்கள் வழக்குப் போட்டிருக்கும் உபா எனும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்திலும் இதுதான் நிலை. பழைய தீவிரவாதத் தடுப்புச் சட்டங்களான தடாவும் பொடாவும் இதற்கு விலக்குக் கொடுத்திருந்தன, இரண்டுமே போய்ச் சேர்ந்துவிட்டன.

அந்த விலக்கு என்ன செய்தது என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியாதா? தடாவில் நடந்த ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. தூக்கு உறுதியான நான்கு பேரில் பேரறிவாளன் ஒருவர். தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்காகக் கேட்கப்பட்டது என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் பதிவு செய்யவில்லை என்று, வாக்குமூலம் வாங்கிய சி.பி.ஐ. அதிகாரியே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். கைதாகும்போது பேரறிவாளனுக்கு வயது 19. விடுதலையானது 2022 மே மாதம். விட்டுப்போன அந்த ஒரு வரி உங்கள் நாவல் முழுவதையும் விட எனக்குப் பதைபதைப்பாக இருக்கிறது.

செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஸ்ரீபெரும்புதூரில் இறந்தவர்களில் பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர்களும் உண்டு. அவர்கள் வீட்டாருக்கு வேண்டியது, செய்தவன் உள்ளே போவது. அடித்து வாங்கிய காகிதத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் வரவழைக்கலாம். அந்தப் பையனின் கையில் மாவுக்கட்டு, கழிவறையில் வழுக்கி விழுந்தான் என்று ஒரு வரி. அதையும் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் பக்கத்தை மூடி வைத்துவிட்டேன்.

சரி, இதே கதையில் என்னவெல்லாம் செய்திருக்கலாம்! பையனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துங்கள். போலீஸை அறைக்கு வெளியே அனுப்புங்கள். நீ சொல்லியே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை, சொன்னால் அது உனக்கு எதிராகவே பயன்படலாம் என்று மாஜிஸ்திரேட் அவனிடம் விளக்கியாக வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்று அவன் சொல்லிவிட்டால், மறுபடி போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. கதவுக்கு வெளியே உங்கள் இன்ஸ்பெக்டர் நிற்கிறார். உள்ளே அவன் வாயைத் திறப்பானா?

அப்புறம் நாள் கணக்கு. மற்ற பெரிய வழக்குகளில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. உபாவில் அதை 180 நாள் வரை நீட்டலாம். ஆனால் விசாரணை எதுவரை வந்திருக்கிறது, இன்னும் ஏன் காவலில் வைக்க வேண்டும் என்று அரசு வக்கீல் அறிக்கை கொடுக்க வேண்டும். 89வது நாள் ராத்திரி, கையில் உருப்படியான சாட்சி ஒன்றுகூட இல்லாத நேர்மையான அதிகாரி என்ன செய்வார்? நான் படிக்க ஆசைப்படுவது அந்த ராத்திரியைத்தான்.

இன்னொன்று. தண்டையார்பேட்டையில் இருக்கும் நீங்களே வியாசர்பாடி என்றால் கத்தி, காசிமேடு என்றால் கடத்தல் என்று எழுதலாமா? உயர் நீதிமன்றமே ஜார்ஜ் டவுனில்தானே நிற்கிறது. தம்புச் செட்டித் தெருவில் மாடிக்கு மாடி வக்கீல் ஆபீஸ். உங்கள் கதையில் ஒரு வக்கீலும் அந்தப் படி ஏறவில்லை. மகனைப் பார்க்க அம்மா புழல் சிறைக்குப் போகவில்லை, வாய்தாவுக்குப் பூந்தமல்லி பஸ்ஸில் நின்றுகொண்டு போகவில்லை. அந்த அம்மாவுக்கு நீங்கள் ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

ஏழாவது அத்தியாயத்திலிருந்து புதிதாக எழுதி அனுப்புங்கள், நானே படிக்கிறேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் போலீஸ் ஜீப் மாட்டிக்கொள்ளும் இடம் பிரமாதம். அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.